ஆங்கிலத்தில் உச்சுக் கொட்டுவது எப்படி? அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டல்லாஸில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் லேப்டாப்பைப் படக்கென்று மூடிவிட்டு, "அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாளைக்கு இதயத்தில் ஆபரேஷன், நான் கிளம்புகிறேன்" என்றார். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது. நம் ஊரில் "நேரமே சரியில்லைங்க" என்போமே, அதையே ஆங்கிலத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டு "டஃப் லக்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"டஃப் லக்" என்றால் அங்கே பெரும்பாலும் "அது உன் தலையெழுத்து, எனக்கென்ன" என்றுதான் காதில் விழும். இதை எனக்குச் சொன்னவர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்குக்காரர். அதுவும் அன்று சாயங்காலம்தான்.

அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். யார், யாரிடம், என்ன நடந்ததற்கு, எந்த வார்த்தையைச் சொன்னார்கள், கேட்டவர் முகம் எப்படி இருந்தது என்று எல்லாம். டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் இந்த வார்த்தைகள் வராது, ஏனென்றால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இவை இல்லை. அந்த நோட்டைத்தான் இங்கே பிரித்து வைக்கிறேன்.

1. வாயைத் திறக்கும் முன் எடை போடுங்கள்

நமக்கு "அடப்பாவமே" ஒன்று போதும். பஸ் போய்விட்டாலும் அடப்பாவமே, வேலை போய்விட்டாலும் அடப்பாவமே. மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். அமெரிக்க ஆங்கிலத்தில் கஷ்டத்தின் அளவுக்குத் தகுந்தபடி வார்த்தை மாறும். அளவு தப்பினால், நல்ல வார்த்தையும் கிண்டலாகிவிடும்.

நான் மூன்று கூடை வைத்துக்கொண்டேன். சின்னது: பார்க்கிங் அபராதம், ரத்தான விமானம், சட்டையில் கொட்டிய காபி. நடுத்தரம்: வேலை போனது, காதல் முறிந்தது, மார்ச் கடைசியில் ஹெச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் வராமல் போனது, வீட்டில் ஒருவருக்கு நீண்ட நாள் நோய். பெரியது: சாவு, புற்றுநோய், கருச்சிதைவு.

கொச்சை வழக்கு முதல் கூடைக்குத் தாராளமாக உண்டு. இரண்டாவதற்குச் சில மட்டும். மூன்றாவதற்கு ஒன்றுகூட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நாய், பூனை இறந்தால் அதைச் சின்னக் கூடையில் போட்டுவிடாதீர்கள். செல்லப்பிராணி இறந்ததற்கென்றே கடையில் அனுதாப அட்டை அச்சடித்து விற்கிறார்கள். "இன்னொரு நாய் வாங்கிக்கலாமே" என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டு, ஒரு வாரம் தனியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

2. போனில் உச்சுக் கொட்டாதீர்கள்

இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. யாராவது கஷ்டத்தைச் சொன்னால் நாம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "ச்சு ச்சு" என்போம். நமக்கு அது இரக்கம். ஆங்கிலக்காரர்களின் காதுக்கு அதே சத்தம் கண்டனம். குழந்தை பாலைக் கொட்டினால் பாட்டி தலையாட்டிக்கொண்டு போடும் சத்தம் அது.

வீடியோ காலில் ஒருவர் தன் கார் இடிபட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வரிக்கு வரி உச்சுக் கொட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டு, "தப்பு என் மேல் இல்லை, பின்னால் வந்தவன்தான் இடித்தான்" என்று எனக்கு விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார், பாவம்.

அதற்குப் பதில் "ஊஃப்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். வயிற்றில் லேசாக அடி வாங்கியவர் விடும் மூச்சு மாதிரி. அல்லது "ஓ நோ", "ஆ மேன்". "யைக்ஸ்" என்றும் ஒன்று உண்டு, ஆனால் அதில் "என்ன இப்படிப் பண்ணி வெச்சிருக்கே" என்ற வாடை கொஞ்சம் அடிக்கும். பழகும்வரை தொடாதீர்கள்.

3. சின்னக் கஷ்டத்துக்கு

"பம்மர்" என்பது "அடச்சே, வடை போச்சே" ரகம். பிக்னிக் அன்று மழை, டிக்கெட் தீர்ந்துவிட்டது என்பதற்கெல்லாம் சரியாக இருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வராது.

"தட் சக்ஸ்" இன்னும் கொஞ்சம் பலமானது. நடுத்தரக் கூடைக்கும் செல்லும். வேலை போன நண்பனிடம் சொல்லலாம். ஆனால் சற்றுக் கரடுமுரடான சொல், வாடிக்கையாளரிடமோ ஐம்பது வயது தாண்டிய மேலதிகாரியிடமோ வேண்டாம். அவர்களுக்கு "தட்ஸ் ரஃப்" போதும்.

சாட்டில் இளைஞர்கள் "சேம்" என்று ஒற்றைச் சொல்லை எழுதுவார்கள். "எனக்கும் அதே கதைதான்" என்று பொருள். "மூட்", "பிக் மூட்" என்பதும் அதுவே. சோபாவில் குப்புறப் படுத்திருக்கும் பூனைப் படத்துக்குக் கீழே "மூட்" என்று இருந்தால், "நானும் இப்படித்தான் கிடக்கிறேன்" என்கிறார்கள்.

சிலர் வெறும் "எஃப்" என்று ஓர் எழுத்தைப் போடுவார்கள். இதைக் கெட்ட வார்த்தையின் முதலெழுத்து என்று நினைத்து நான் பயந்துபோனேன். அப்படி இல்லை. 2014-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: அட்வான்ஸ்ட் வார்ஃபேர்' என்ற வீடியோ கேமில் ஒரு ராணுவ வீரரின் இறுதிச் சடங்குக் காட்சி உண்டு. மரியாதை செலுத்த எஃப் பட்டனை அழுத்து என்று திரையில் வரும். அதைக் கிண்டலடிக்கப் போய் இது பரவியது. கிண்டலில் பிறந்ததால், செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் போடுங்கள், செத்துப்போன மனிதருக்குப் போடாதீர்கள்.

அப்புறம் "டெல் மீ அபௌட் இட்". திங்கட்கிழமை காலை மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது, "இந்த மீட்டிங் ரொம்ப இழுவை" என்று உடன் வந்த பெண்மணியிடம் சொன்னேன். அவர் "டெல் மீ அபௌட் இட்" என்றார். கேட்கிறாரே என்று லிஃப்டில் ஆரம்பித்து, காபி மெஷின் வரை, எந்தெந்த மீட்டிங் எதனால் இழுவை என்று விளக்கிக்கொண்டே போனேன். அவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார், நல்ல மனசு. அதற்கு அர்த்தம் "அதை ஏன் கேக்குறீங்க". பதில் தேவையில்லை. சிரித்தால் போதும்.

4. நடுத்தரக் கஷ்டத்துக்கு

"ஐ ஃபீல் யூ" என்பதற்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்தால் விகாரமாகிவிடும். "நீ சொல்றது எனக்குப் புரியுது, நானும் அதை அனுபவிச்சிருக்கேன்" என்பதுதான் பொருள். கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சிலிருந்து பொதுவழக்குக்கு வந்தது. நண்பர்களிடமும் வயதொத்தவர்களிடமும் சொல்லலாம். கேட்டால் "தேங்க்ஸ் மேன்" என்று விட்டுவிடுங்கள். "ஐ ஃபீல் யூ டூ" என்று திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

"பீன் தேர்": நானும் அந்த வழியில் போய் வந்தவன்தான். நீங்கள் உண்மையிலேயே போய் வந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். விவாகரத்து ஆனவரிடம், மனைவியோடு நேற்று சண்டை போட்டவர் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டு உங்கள் கதையை ஆரம்பிக்கவும் கூடாது. நம் ஊரில் "எங்க மாமாவுக்கும் இப்படித்தான்" என்று ஒரு கதை சொல்வது ஆறுதலில் சேரும். இங்கே அது பேச்சைப் பிடுங்கிக்கொள்வது.

"ஹேங் இன் தேர்": விடாமல் பிடிச்சுக்கோ. இன்னும் முடியாத கஷ்டத்துக்கு உரியது. நீண்ட நாள் நோயில் இருக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்பவர், மூன்று மாதமாக வேலை தேடுபவர். முடிந்துபோன கஷ்டத்துக்கு இதைச் சொன்னால் பொருளே இல்லை. பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ போகிறவருக்கு "யூ காட் திஸ்", அதாவது "உன்னால முடியும், போ".

"ஐ ஹியர் யூ" என்பதில் மட்டும் உஷாராக இருங்கள். நண்பர் சொன்னால் அனுதாபம். மேனேஜர் சொன்னால் அடுத்த வார்த்தை "பட்" என்று வரும். சம்பள உயர்வு கேட்கப் போய், "ஐ ஹியர் யூ" என்று கேட்டதும் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போன் போட்டவன் நான். அது "நீ சொன்னது காதில் விழுந்தது" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

5. ஒரு சொல் கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு

என் நோட்டில் சிவப்பு மையில் எழுதிய பக்கம் இது. நிதானமாகப் படியுங்கள்.

"ஐ ஃபீல் யூ" சரி. "ஐ ஃபீல் ஃபார் யூ" என்றால் வெளியில் நின்று இரக்கப்படுகிறீர்கள், அதுவும் சரிதான். ஆனால் நமக்கு வினைச்சொல்லோடு 'இங்' சேர்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதில் "ஐ ஆம் ஃபீலிங் யூ" என்று சொல்லிவிட்டால் "உன் மேல் எனக்கு ஒரு இது" என்று ஆகிவிடும். "ஐ கேன் ஃபீல் யூ" என்பதும் வேண்டாம், தொட்டுத் தடவுகிற அர்த்தத்தில் கேட்கும். அலுவலகத்தில் இந்த இரண்டும் ஹெச்ஆர் வரை போகக்கூடிய சமாச்சாரம்.

"தட் சக்ஸ்" அனுதாபம். "சக்ஸ் டு பி யூ" கேலி: நல்லவேளை நான் நீயில்லை.

"பீன் தேர்" அனுதாபம். "பீன் தேர், டன் தட்" என்று வாலை ஒட்டினால், "இதெல்லாம் பார்த்தாச்சு, வேற ஏதாவது இருந்தா சொல்லு" என்கிற அலட்சியம்.

"இட் இஸ் வாட் இட் இஸ்" என்று தன் கஷ்டத்தைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம், பெருமூச்சு மாதிரி. அடுத்தவர் கஷ்டத்துக்கு நீங்கள் சொன்னால் "போய் வேலையைப் பாரு".

"பிளெஸ் யுவர் ஹார்ட்" என்பது டெக்ஸாஸ், ஜார்ஜியா பக்கத்து தெற்கத்தி வழக்கு. உண்மையான இரக்கமாகவும் இருக்கும், "லூசு, இதுகூடத் தெரியலை" என்பதன் மரியாதையான வடிவமாகவும் இருக்கும். நம் "ஐயோ பாவம்" போலத்தான், முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, சொல் அல்ல, கை. நான் புலம்பிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். பணம் கேட்கிறாரோ என்று நினைத்தேன். உலகத்திலேயே சின்ன வயலினை எனக்காகச் சோகமாக வாசிக்கிறாராம். அதாவது, "ரொம்பத்தான் அழாதே".

எல்ஓஎல் என்பதை 'லாட்ஸ் ஆஃப் லவ்' என்று நினைத்து அனுதாபச் செய்தியின் அடியில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'வாய்விட்டுச் சிரிக்கிறேன்' என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரனே அன்பு என்று நினைத்து அதைப் போட்டுக்கொண்டிருந்தார் என்று 2012-இல், பத்திரிகைகளின் நடத்தை பற்றி அங்கே நடந்த லெவிசன் விசாரணையில் சாட்சியம் வந்தது. அவருக்கே அந்த நிலை என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி. அங்கே "யூ ஆல்ரைட்?" என்பது வெறும் வணக்கம். முகம் வாடியிருக்கிறதோ என்று கண்ணாடி பார்க்க ஓடாதீர்கள்.

6. சாவு என்றால் கொச்சையை மூட்டை கட்டி வையுங்கள்

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்." தேய்ந்த வாக்கியம்தான். தேய்ந்ததுதான் இங்கே பத்திரம். இறந்தவரை நீங்கள் பார்த்திருந்தால் அவரைப் பற்றி ஒரு வரி சேருங்கள்: "உங்கள் அப்பா பிக்னிக்கில் எனக்கு இரண்டாவது தட்டு போட்டுக் கொடுத்தார்" என்கிற மாதிரி. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

"எக்ஸ்பயர்ட்" என்று சொல்லாதீர்கள். நம் ஊர் ஆங்கிலத்தில் மனிதர்கள் எக்ஸ்பயர் ஆவார்கள். அமெரிக்காவில் பாலும் கிரெடிட் கார்டும் டிரைவிங் லைசென்ஸும்தான் ஆகும். மனிதர்களுக்கு "பாஸ்ட் அவே", அல்லது நேராக "டைடு" (இறந்தார்).

"எப்படி ஆச்சு? என்ன வயசு? சுகர் இருந்ததா? எந்த டாக்டர்?" துக்கம் விசாரிப்பது என்ற சொல்லிலேயே விசாரணை இருக்கிறது நமக்கு. நாலு பேர் கேட்டு, நாலு தரம் சொல்லி அழுதால்தான் மனசு ஆறும் என்பது நம் கணக்கு. அவர்களிடம் இது துருவல். அவராகச் சொன்னால் கேளுங்கள், அவ்வளவுதான்.

"அட் லீஸ்ட்" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் விழுங்கிவிடுங்கள். "அட் லீஸ்ட் கஷ்டப்படாமப் போய்ட்டார்" என்பது எழவு வீட்டுத் திண்ணையில் எடுபடும், ஸூமில் எடுபடாது. குரூப்பில் ஆர்ஐபி என்று மூன்றெழுத்தைத் தட்டிவிடுவதும் இங்கே சோம்பேறித்தனமாகத் தெரியும்.

"லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங்" என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதைவிட, "வியாழக்கிழமை சாஃப்ட்வேர் ரிலீஸை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் லாகின் பண்ணவே வேண்டாம்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய ஆறுதல் அலுவலகத்தில் கிடையாது.

7. அட்டை, பூ, சாப்பாடு: செலவும் நாளும்

நம் கணக்கில் பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இங்கே துக்க விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் இல்லை. கம்பெனிகள் தாமாகக் கொடுப்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள். ஆகவே அம்மாவைப் புதைத்துவிட்டுத் திங்கட்கிழமை உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்திருப்பார். அப்போது "ஹவ் ஆர் யூ" கேட்காதீர்கள், அதற்கு "குட்" என்ற பதில் தானாக வந்துவிடும். "ஹவ் ஆர் யூ ஹோல்டிங் அப்?" என்று கேளுங்கள். எப்படித் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

சாட்டில் செய்தி அன்றைக்கே போகட்டும். அட்டை இரண்டு வாரத்துக்குள். பிந்தினாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை, அனுப்பாததைத்தான் நினைப்பார்கள். கடையில் 'சிம்பதி' என்று எழுதிய தட்டில் இருக்கும், 4 முதல் 6 டாலர். 'கெட் வெல்' தட்டு பக்கத்திலேயே இருக்கும், அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள். உள்ளே அச்சடித்ததை நம்பி வெறும் கையெழுத்துப் போடாமல், இரண்டு வரி கையால் எழுதுங்கள்.

பூ வாங்கும் முன் இரங்கல் அறிவிப்பைப் படியுங்கள். "இன் லியூ ஆஃப் ஃப்ளவர்ஸ்" என்று இருந்தால் பூ வேண்டாம், இந்த அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுங்கள் என்கிறார்கள். 25 டாலர் கௌரவமான தொகை. சுமாரான பூங்கொத்துக்கே பெரும்பாலும் அதைவிட அதிகம் ஆகும், டெலிவரி தனி. யூதக் குடும்பங்களுக்குப் பொதுவாகப் பூ அனுப்பும் வழக்கம் இல்லை, சாப்பாடுதான் கொண்டு போய்க் கொடுப்பார்கள்.

சாப்பாடு கொண்டு போனால் திருப்பித் தர வேண்டாத அலுமினிய டிரேயில் போங்கள். மேலே என்னென்ன போட்டது என்று எழுதி ஒட்டுங்கள். நான் பெருமையாக எலுமிச்சம் சாதம் கொண்டு போனேன். வாசலிலேயே பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி என்று தெரிந்தது. டிரே என்னோடு வீடு திரும்பியது. மூன்று நாள் எங்கள் வீட்டில் எலுமிச்சம் சாதம்தான்.

துக்கம் உங்கள் வீட்டில் என்றால், விடுப்பு கேட்கும் முன் கம்பெனிக் கையேட்டில் 'நெருங்கிய குடும்பம்' என்று யாரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். தாத்தா பாட்டி பல இடங்களில் உண்டு, பெரியப்பாவும் சித்தியும் பெரும்பாலும் இல்லை. ஹெச்ஆர் ஆவணம் கேட்கலாம். ஊரில் வாங்கும் இறப்புச் சான்றிதழை யாரையாவது ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு முடிவதற்குள் அது கைக்கு வராமல் போகலாம், எனவே "சான்றிதழ் வந்ததும் தருகிறேன்" என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

8. உங்களிடம் யாராவது சொன்னால், நீங்கள் சொதப்பினால்

"ஐ ஆம் சாரி" என்றால் மன்னிப்பு மட்டுமல்ல. என் பாட்டி இறந்தபோது டீமில் ஒருவர் "ஐ ஆம் சோ சாரி" என்றார். நான் "நோ ப்ராப்ளம், உங்கள் மேல் என்ன தப்பு" என்றேன். "தேங்க் யூ" என்ற இரண்டு சொல்தான் அதற்குப் பதில். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் "ஐ அப்ரிஷியேட் இட்".

நீங்கள் உளறிவிட்டால், சின்னக் கூடை விஷயத்துக்கு "மை பேட்" போதும், அதாவது "என் தப்புதான், விடு". பெரிய விஷயத்தில் "மை பேட்" சொன்னால் முதல் உளறலே தேவலை என்றாகிவிடும். அங்கே "தட் கேம் அவுட் ராங்", அதாவது "சொன்னது தப்பா வந்துடுச்சு" என்று சொல்லி, சரியான வாக்கியத்தை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் இதற்கு இப்படி அர்த்தம், அங்கே அப்படி என்று விளக்கம் கொடுக்காதீர்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வாரம் கழித்து வந்தார். காபி மெஷினருகே போய், "தட் கேம் அவுட் ராங். ஐ ஆம் சாரி அபௌட் யுவர் மாம். ஹவ் ஆர் யூ ஹோல்டிங் அப்?" என்றேன். முந்தின இரவு கண்ணாடி முன் நின்று ஏழெட்டுத் தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். அம்மா ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் தரும் ஜெல்லோ என்ற ஜெல்லி பிடிக்கவில்லை என்று நர்ஸோடு சண்டை போடுகிறார் என்றார். அப்புறம் என் முதுகில் தட்டிவிட்டு, "டஃப் லக் ஃபார் த நர்ஸ்" என்றார்.